கெடாவின் ஊசிக் குடிசை

கப்பலில் எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி ஒரு திருச்சிப் பெண்மணி. அழுத முகத்தோடு பினாங்கில் இறங்கினால் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வரும், பெட்டியைத் திறக்கச் சொல்வான் என்று எனக்குப் புத்தி சொன்னாள். நன்றாக முகம் கழுவிக்கொண்டுதான் போனேன். அப்படியும் திறக்கச் சொன்னான். உள்ளே ஓலைக் கொட்டானில் கருப்பட்டி இருந்தது. அது என்னவென்று அவன் மலாயில் கேட்டான், நான் தமிழில் சொன்னேன். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருப்பட்டி என் தங்கை லில்லி கேட்டிருந்தது. அவள் கண்ணை மூடி ஐந்து மாதமாகியிருந்தது. தந்தி ஒரு நாளில் வந்துவிட்டது, பாஸ்போர்ட்தான் சீக்கிரம் வரவில்லை.

பினாங்கிலிருந்து படகில் இக்கரைக்கு வந்து, கெடா மாநிலத்துக்குள் போகும் பஸ்ஸில் ஏறினேன். இருபுறமும் ரப்பர் மரங்கள். எங்கள் நாகர்கோவில் பக்கத்திலும் ரப்பர் உண்டு, ஆனால் அது மலைச்சரிவில் மேலும் கீழுமாக நிற்கும். இங்கே சமதரையில் வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டின மட்டும். பாதி வழியில் டயர் வெடித்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இறங்கி நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நம் ஊரானால் இந்நேரம் டிரைவரின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்திருக்கும். ஒரு மலாய்க்காரம்மாள் எனக்கு ஒரு பஜ்ஜி கொடுத்தாள். வாழைக்காய் என்று கடித்தேன், வாழைப்பழம். எண்ணெயில் போட்ட பழத்தை அன்றுதான் முதன்முதலாகத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. லில்லி தன் கடிதங்களில் இதைப் பற்றி எழுதவே இல்லையே என்று அவள்மேல் கோபம் வந்தது.

சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் தேவசகாயம் காத்துக்கொண்டு நின்றான். லில்லியின் கணவன். பாலிங் போகும் சாலையில் ஒரு தோட்டத்தில் டிரசர், அதாவது தோட்டத்து மருந்துசாலையை நடத்துகிறவன். கல்யாணத்தன்று பார்த்தபோது கன்னம் உப்பி மாப்பிள்ளைக் களையோடு இருந்தவன், இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரணம் எனக்குத் தெரியும். எனக்கும் லில்லிக்கும் ஒரே முகம். நான் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மூப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சீனன் காப்பிக்கடையில் உட்கார வைத்தான். காப்பி தார் மாதிரி கறுப்பாக, அடியில் கெட்டிப்பால் தேங்கி நின்றது. கலக்காமல் குடித்துவிட்டு முகம் சுளித்தேன்.

"லில்லி சொல்லுவா, எங்க அக்கா வந்தா இந்தக் காப்பியத் துப்பிடுவாங்கன்னு," என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியதிலெல்லாம் அந்த இரண்டு சொல் இருந்தது. லில்லி சொல்லுவா. மழை வந்தாலும், பஸ் தாமதித்தாலும், மீன் விலை ஏறினாலும் லில்லி ஏதாவது சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலையில் கல்லறைக்குக் கூட்டிப்போனான். தோட்டத்துச் சின்ன வேதக்கோயிலுக்குப் பின்னால் இருந்தது. சிமெண்ட் பூசி, அதன்மேல் வெள்ளையடித்து, நன்றாக வைத்திருந்தான். நான் முழந்தாளிட்டு அழுது தீர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் அப்படியே பெஞ்சில் சாய்ந்தாளாம். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது எனக்கே தெரியாது. இத்தனைக்கும் நான் மிஷன் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும் வரை நர்ஸாக இருந்தவள்.

திரும்பும்போது தோட்டத்து எல்லையில், ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த குடிசையைக் காட்டினான். மூங்கில் தரை, ஓலைக் கூரை, ஒரே நீளமாக இருந்தது. தோட்டத்துச் சனங்கள் அதை ஊசிக் குடிசை என்கிறார்கள். கட்டியது தோட்டத்துக்காரர்கள் அல்ல. மலைக்காட்டில் இருக்கும் கென்சியு மக்கள். அரசாங்கம் அவர்களை ஓராங் அஸ்லி, ஆதிக்குடிகள் என்கிறது. தோட்டத்தில் இளக்காரமாகச் சக்காய் என்பார்கள். அந்த வார்த்தை தன் காதில் விழுந்தால் லில்லி சண்டைக்குப் போவாளாம்.

குடிசை வந்த விதத்தை அவன் சொன்னான். அந்த மக்களில் நான்கு பேருக்குக் காசநோய். அதில் ஒருத்தி மெலூர், கல்யாண வயதுப் பெண். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அவளைத் தனி அறையில் படுக்கவைத்து, உறவுக்காரர்களை வெளியே நிறுத்தினார்கள். காசநோய்க்கு எந்த ஊரிலும் அதுதான் முறை. ஆனால் அந்த மக்களுக்கு, சீக்காளியைத் தனியே விடுவது சாகட்டும் என்று விடுவதற்குச் சமம். மறுநாளே வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மருந்தும் அதோடு நின்றது.

லில்லி அவர்களைத் தேடிப்போய், என்ன செய்தால் மருந்து எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பல நாள் பதிலுக்காகக் காத்திருந்தாள். கடைசியில் அவர்களே கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். ஓடை ஓரத்தில் நாங்களே வீடு கட்டுவோம். வந்தால் எல்லோரும் வருவோம். அங்கேயே சமைப்போம், தூங்குவோம். முதலில் எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெரியம்மா ஓதிப் பச்சிலை தடவுவாள், அப்புறம் உன் ஊசி. இன்று வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம். லில்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆச்சரியம் என்னவென்றால், வேண்டாம் என்று அந்தப் பெரியம்மா அதிகம் சொல்லவில்லை. நோயாளி முரண்டு பிடித்தால் அவளே கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாளாம்.

"நல்லா ஏறிக்கிட்டு வந்துச்சு மெலூர் பிள்ள. எலும்பா இருந்தது கன்னம் வச்சிடுச்சு," என்றான். பிறகு குடிசைக் கதவைத் திறந்தான்.

உள்ளே ஒருவரும் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. சன்னலுக்கு நேராக லில்லியின் பெரிய படம். கண்ணாடிச் சட்டம், சந்தன மாலை, கீழே சின்ன விளக்கு. வாசலுக்கு மேலே பலகையில் அவள் பெயர். அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் இவன்தான் மாட்டினான். அவள் உயிரை விட்டதே இந்தக் குடிசைக்காகத்தான், அவள் பெயர் இதில்தான் இருக்க வேண்டும் என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் பையிலிருந்த கனகாம்பரச் சரம் வாடிப்போயிருந்தாலும் அதையும் படத்துக்குச் சாத்தினேன்.

"ஒருத்தரும் வரலக்கா," என்றான் திடீரென்று. "அடக்கத்துக்குச் சீனவங்க வந்தாங்க, மலாய்க்காரங்க வந்தாங்க, தொரைகூட தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு. யாருக்காக இவ ஓடி ஓடிச் செஞ்சாளோ அவங்கள்ல ஒரு ஈ காக்கா வரல. அன்னைக்கே காட்டுக்குள்ள போயிட்டாங்க. அப்புறம் ஒரு நாளு வந்து ஓடைக்கு அந்தப் பக்கமா நின்னாங்க. நான் கூப்புடறதுக்குள்ள திரும்பிப் போயிட்டாங்க. நன்றி கெட்ட சனம் லா."

எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நர்ஸ் புத்தி போகாதே. மெலூருக்கு மருந்து எத்தனை மாதம் நடந்தது என்று கேட்டேன். பாதிகூட ஆகவில்லை. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் முன்னைவிட முரடாகத் திரும்பி வரும், பழைய மருந்து அதற்குப் பலிக்காமலும் போகும். இது டிரசருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு ஐந்து மாதம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை வைது என்ன பயன்? அவன் சமைத்துச் சாப்பிடுவதே பெரிய காரியமாக இருந்தது. நெத்திலி சம்பாலையும் சோற்றையும் தட்டில் போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நாளைக்கு அந்தப் பிள்ளையைத் தேடிப் போவோம் என்றேன். வர மாட்டேன் என்றான். நான் தனியாகப் போகிறேன், வழியை மட்டும் காட்டு என்றேன். ஒரு கிழவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் போவதை நினைத்தோ என்னவோ, சம்மதித்தான்.

திங்கட்கிழமை மருந்துப் பெட்டியோடு, பிரம்பு ஏற்றப் போகும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டோம். மழை பெய்த மண் பாதை. ஒரு மரப்பாலம் வந்தது, அதில் பாதிப் பலகையைக் காணோம். டிரைவர் இறங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்து, பின்னால் விழுந்து கிடந்த பலகையை முன்னால் போட்டு, லாரியை நகர்த்தி, மறுபடி பலகையை எடுத்துப் போட்டு, இப்படியே கடந்தான். நான் அறிந்த பைபிள் சங்கீதங்களையெல்லாம் சொல்லி முடித்தேன். அதற்கு அப்பால் லாரி சேற்றில் புதைந்துவிட்டது. மீதி வழியை நடந்தோம். அட்டை என் கணுக்காலில் வயிறாரக் குடித்தது.

ஆற்றங்கரையில் ஓலைச் சாய்ப்புகள் தெரிந்தன. குள்ளமான, சுருட்டை முடிக்காரர்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவரும் ஓடவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மக் தே என்ற அந்தப் பெரியம்மா மட்டும் எழுந்து வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள். உள்ளங்கையை, கன்னத்தைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் உட்காரச் சொன்னாள்.

சாய்ப்புக்குள் மெலூர் படுத்திருந்தாள். கன்னம் வைத்ததாக அவன் சொன்ன பிள்ளை. கன்னத்தைக் காணோம். இருமும்போது அவளுடைய முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. துப்பியதில் சிவப்பு இருந்தது.

தேவசகாயம் மலாயில் படபடவென்று கேட்டான். குரலில் ஐந்து மாதக் கோபமும் இருந்தது. மக் தே தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பதில் சொன்னாள். எனக்கு மலாய் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"எங்கள்ல ஒருத்தர் போயிட்டா அந்தப் பக்கம் நாங்க இருக்க மாட்டோம்னு சொல்றாங்க. எடத்த விட்டுடுவோம், தூரமாப் போயிடுவோம்னு."

வேற்று ஆள் செத்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னேன். கேட்டான். மக் தே அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு சுருக்கமாக ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்டேன்.

"வேத்து ஆளு செத்தா எதுக்குப் போகணும்னு கேக்குறாங்கக்கா."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டான். மக் தே நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போனாள். அவன் மூச்சு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னான். துக்கம் தீர்ந்த பிறகு மெலூரைக் கூட்டிக்கொண்டு ஊசிக்குத்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். ஓடைக்கு அப்பால் நின்று பார்த்தால், சன்னலில் இறந்தவளின் முகம். செத்துப்போனவர்களின் பெயரை இவர்கள் சொல்வதில்லை. சொன்னால் அவர்களால் இந்த உலகை விட்டுப் போக முடியாது. அவனோ பூப்போட்டு, விளக்கேற்றி, பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறான்.

"அவ எப்புடிப் போவான்னு கேக்குறாங்க. போக முடியாதவ, அவளுக்குப் புடிச்ச பிள்ளையத் தொணைக்குக் கூப்புடுவா. மெலூர்தான அவளுக்கு ரொம்பப் புடிச்ச பிள்ளன்னு."

இவ்வளவு நாளும் ஆள் அனுப்பியாவது இதைச் சொல்லக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் சொல்ல வேண்டுமானால் அவளைப் பற்றிப் பேச வேண்டும். இப்போதுகூட மக் தே ஒரு தடவையும் லில்லி என்று சொல்லவில்லை. உன் வீட்டுக்காரி என்றும் சொல்லவில்லை. 'ஊசி வலிக்காமல் போட்டவள்' என்றாள்.

படத்தைக் கழற்று என்று அவர்கள் கேட்கவில்லை. அது உங்கள் வழக்கம், அந்த இடம் உனக்கு, இந்த இடம் எங்களுக்கு, மருந்து மட்டும் இங்கே வரட்டும் என்றாள் மக் தே. இங்கே வரும்போது அந்தப் பெயரைக் கொண்டுவராதே, அவ்வளவுதான். தேவசகாயம் தலையாட்டினான். மக் தே மெலூரின் முதுகில் ஏதோ இலையைக் கசக்கித் தடவி, வாய்க்குள் ஓதினாள். முடிந்ததும் என்னைப் பார்த்தாள். அவன் மருந்தை ஏற்றிக் கொடுத்தான், நான்தான் ஊசி போட்டேன்.

அன்று திரும்பி நடந்தபோது, அந்த ஆற்றின் சத்தம் கேட்காத தூரம் வந்ததும் அவன் நின்றான். லில்லி என்றான். பிறகு லில்லி, லில்லி என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

அதன் பிறகு என் நாட்கள் அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கழிந்தன. மருந்துப் பெட்டி மடியில், குடை கையில். ஒரு தடவை சறுக்கி இருவரும் வாய்க்காலில் விழுந்தோம். மருந்துப் புட்டிகள் தப்பின, என் பல்செட்டுதான் தப்பவில்லை. இரண்டு நாள் கஞ்சி குடித்தேன். கடைசியில் பட்டணத்துச் சீனப் பல் வைத்தியன் ஒட்டிக் கொடுத்தான். ஆற்றங்கரையில் அவர்கள் எனக்கு மரவள்ளிக் கிழங்கைச் சுட்டுத் தருவார்கள். பெத்தாய் என்று ஒரு கொட்டை, அதன் நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. மக் தே என் எதிரில் உட்கார்ந்து நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

மற்ற மூவரும் முரண்டு பிடிக்காமல் மருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒரு கிழவன் மாத்திரையை உமிழப் பார்த்தான். கூட்டமே அவனைச் சுற்றி உட்கார்ந்து, அவன் விழுங்கும் வரை எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலும் சீக்காளியோடு அரை ஊர் வரும், வேப்பமரத்தடியில் உலை வைக்கும். விசில் அடித்து விரட்டுவதற்கென்றே ஒரு காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்தோம். இங்கே அந்தக் கூட்டம்தான் வைத்தியத்தையே நடத்துகிறது.

மெலூர் என்னோடு பழகிவிட்டாள். நாலைந்து மலாய் வார்த்தை நான் கற்றேன், நாலைந்து தமிழ் வார்த்தை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. "வலிக்குது," என்பாள் ஒவ்வொரு ஊசிக்கும். முதலில் மருந்து அப்படி என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, இந்தக் கை சரியில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள். தேவசகாயம் சிரித்தான். நான் வந்த பிறகு அவன் சிரித்தது அன்று ஒரு தடவைதான்.

அவள் உடம்பு ஏறவில்லை. ஊசியால் காய்ச்சலைக்கூடக் குறைக்க முடியவில்லை. தேவசகாயம் அலோர் ஸ்டாருக்குப் பஸ் பிடித்துப் போய் வேறு மருந்து வாங்கி வந்தான். அதையும் கொடுத்தோம். அவள் படுக்கையை மக் தே நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டாள். நான் ஜெபித்தேன். மக் தே ஓதினாள். ஒருவர் செய்வதில் ஒருவர் குறுக்கிடவில்லை.

எனக்குத் திரும்பும் நாள் வந்தது. கடைசியாக நான் பார்த்தபோது மெலூருக்கு எழுந்து உட்கார முடியவில்லை. படுத்தவாறே, ஊசி போட்டுப் போட்டுக் காய்த்துப்போன இடத்தைத் தொட்டுக் காட்டி, நாளைக்கு மறுபக்கம் என்று சைகை செய்தாள். நாளைக்கு நான் வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தமிழில் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது.

கப்பல் ஏறும் நாளன்று படகுத்துறைக்கு வந்து வழியனுப்புவதாகத் தேவசகாயம் சொல்லியிருந்தான். நான் முந்தின தினமே துறைக்குப் பக்கத்தில் ஒரு சபைக் குடும்பத்தோடு தங்கிவிட்டேன். கூட்டம் பெட்டிகளோடு பினாங்குப் படகில் ஏறிக்கொண்டிருந்தபோது அவன் வந்து சேர்ந்தான். காலில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. மோட்டார் சைக்கிள் கெட்டுப்போய், லாரி பிடித்து வந்தானாம். லாரிக்காரனின் கதையைச் சொன்னான். பாலத்தில் புதுப் பலகை போட்டதைச் சொன்னான். கப்பலில் சாப்பிட நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்கி வந்திருந்தான். எல்லாம் சொன்னான்.

"அவங்க நாளைக்கு எடம் மாத்துறாங்கக்கா," என்றான் கடைசியில். "ஆத்துக்கு மேல, இன்னும் உள்ள. எந்தப் பக்கம்னு கேட்டு வச்சிருக்கேன். மூணு பேருக்கும் மருந்து கைவசம் இருக்கு. பெட்டியத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாடியே போறேன்."

எதற்காக மாறுகிறார்கள் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. மூன்று பேர் என்றானே, நான்கு பேர் அல்லவா என்றுதான் நினைத்தேன்.

"மெலூர் எப்படி இருக்கா தம்பி?"

அவன் கடலைப் பார்த்தான். மாலுமி சங்கிலியை எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஏறுங்கள் என்று என் முதுகைத் தொட்டுத் தள்ளிவிட்டு, பெட்டியை என் பின்னாலேயே தூக்கிக் கொடுத்தான்.

"அந்தப் பேர இனிமே சொல்லாதீங்கக்கா," என்றான்.